மூன்றாம் தசமத்துச் சண்டை

பெரியப்பா: ...அதனால முதல் வரிசையில எனக்கு நாற்காலி போட வேண்டாம். கடைசி வரிசையிலயும் வேண்டாம். நாற்காலியே வேண்டாம்.

தம்பி மகள்: அப்ப நின்னுக்கிட்டே கேக்கறீங்களா பெரியப்பா?

பெரியப்பா: வரவே மாட்டேங்கறேன்.

தம்பி மகள்: அதைச் சொல்லவா இவ்வளவு நேரம் சுத்தி வளைச்சீங்க?

பெரியப்பா: மறுக்கறதைக்கூட மரியாதையா மறுக்கணும். உங்க அப்பன் மாதிரி சபை நடுவுல எழுந்து நின்னு மறுக்கக் கூடாது.

பை: ஹ... ஹச்... ஹச்சு.

பெரியப்பா: யாரு அது?

தம்பி மகள்: நான்தான். சளி.

பெரியப்பா: குரல் தடிச்சிருக்கே.

தம்பி மகள்: சளி பிடிச்சா அப்படித்தான் தடிக்கும்.

பெரியப்பா: ம்... சரி. அந்தப் பையை ஏன் மடியிலயே கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருக்கே? மேசை மேல வை.

தம்பி மகள்: பரவாயில்லை, கனமில்லை.

பெரியப்பா: வைன்னா வை. மடியில மூட்டையோட உக்காந்தா, நான் உன்னைத் துரத்திக்கிட்டு இருக்கேன்னு பாக்கறவங்க நினைப்பாங்க. இன்னும் கொஞ்சம் இப்படி... என் பக்கத்துல. ஆங், அங்கதான்.

தம்பி மகள்: பெரியப்பா, நாளைக்கு என் ஆராய்ச்சிக்கு வாய்மொழித் தேர்வு. எங்கெங்கேயோ இருந்து புரொபசருங்க வர்றாங்க. இதே விஷயத்துல புஸ்தகம் எழுதின என் சொந்தப் பெரியப்பா வரலைன்னா என்ன நினைப்பாங்க?

பெரியப்பா: மானஸ்தன்னு நினைப்பாங்க.

தம்பி மகள்: நீங்க வரலைன்னா அப்பாவும் வரமாட்டாராம். அவர் மட்டும் வந்து உக்காந்தா, தம்பி வந்ததாலதான் அண்ணன் வரலைன்னு பேசுவாங்களாம். ரெண்டு பேரும் இல்லாம நான் மட்டும் போயி நிக்கணுமா?

பெரியப்பா: அப்படிச் சொன்னானா?... உன்கிட்டயா சொன்னான்?

தம்பி மகள்: அம்மாகிட்டச் சொன்னார். அம்மா என்கிட்டச் சொன்னா.

பெரியப்பா: அதானே. அவன் எதை நேராச் சொன்னான்?

தம்பி மகள்: நீங்க மட்டும்? போன கல்யாணத்துல நான் நடுவுல, நீங்க ரெண்டு பேரும் ரெண்டு பக்கம். "உப்பை இந்தப் பக்கம் நகர்த்தச் சொல்லு"ன்னு யாரு சொன்னது?

பெரியப்பா: உப்பு வந்துச்சா இல்லையா?

தம்பி மகள்: வந்துச்சு. நான்தான் சாப்பிடலை.

பெரியப்பா: இங்க பாரு. மூத்தவன் முதல்ல வாயைத் திறந்தா அது இறங்கிப் போறது. நம்ம வீட்ல யாரும் யாருக்கும் இறங்கிப் போனதில்லை. அவன் பேசட்டும். ஒரே ஒரு வார்த்தை, என்னைப் பாத்து, முதல்ல அவன் பேசட்டும். நான் நாளைக்கு வர்றேன். உனக்கு முன்னாடியே வந்து உக்காந்திருப்பேன்.

தம்பி மகள்: அவர் சொல்றார், மேடையில சூதாடின்னு சொன்னது அண்ணன்தானே, அவர்தான் முதல்ல பேசணும்னு.

பெரியப்பா: சூதாடியைச் சூதாடின்னுதான் சொல்லுவாங்க, தாயக்கட்டை.

தம்பி மகள்: என்னை ஏன் தாயக்கட்டைங்கறீங்க? எனக்குப் பேர் வெச்சதே நீங்கதான்.

பெரியப்பா: அப்பனோட தொழிலைக் கையில எடுத்தேல்ல? அந்தப் பேரும் கூடவே வரும்.

தம்பி மகள்: சரி, சண்டை எப்படித்தான் ஆரம்பிச்சது? நான் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம்னு மட்டும் தெரியும். அப்பாகிட்டக் கேட்டா, உன் பெரியப்பாகிட்டயே கேளுங்கறார்.

பெரியப்பா: சொல்றேன். நல்லாக் கேட்டுக்கோ. காந்தம்னு ஒண்ணு இருக்கு. அதைச் சூடாக்கினா...

தம்பி மகள்: பெரியப்பா, எனக்கு நாளைக்கு அதுலதான் தேர்வு.

பெரியப்பா: குறுக்க பேசாதே. கேக்கறவங்க எல்லாரும் இதைப் படிச்சவங்களா?

தம்பி மகள்: இங்க வேற யாரு கேக்கறா?

பெரியப்பா: ...சுவர் இருக்கு. காந்தத்துக்குள்ள கோடிக்கணக்கா குட்டிக் காந்தம். ஒவ்வொண்ணும் ஒண்ணு மேல பாக்கும், இல்லைன்னா கீழ பாக்கும். பக்கத்துல இருக்கறது எப்படிப் பாக்குதோ அப்படியே தானும் பாக்கணும்னு ஆசை. சூடு கம்மியா இருந்தா எல்லாம் ஒரே பக்கம். சூடு ஏறினா ஆளுக்கொரு பக்கம்.

தம்பி மகள்: நம்ம வீடு மாதிரி.

பெரியப்பா: நம்ம வீட்டை எதுக்கு இழுக்கறே? ரெண்டுக்கும் நடுவுல ஒரு விளிம்பு இருக்கு. அந்த விளிம்புல, இந்த மூலையில ஒண்ணு திரும்பினா அந்த மூலை வரைக்கும் சேதி போகும். விளிம்பை நெருங்க நெருங்க, சேதி போற தூரம் எந்தக் கணக்குல வளருது? அதுக்கு ஒரு எண். அந்த எண்ணைப் பிடிச்சுட்டா எல்லாத்தையும் பிடிச்ச மாதிரி. ஆனா நாம இருக்கற மூணு பரிமாணத்துல அதை அச்சு அசலாப் பிடிச்சவன் எவனும் இல்லை. எல்லாம் தோராயம்தான்.

தம்பி மகள்: அதுல உங்க தோராயம் உசத்தி, அப்பாவோட தோராயம் மட்டம்.

பெரியப்பா: நீயே சொல்லிட்டே.

தம்பி மகள்: அப்ப ஆதியில இருந்த சராசரி முறை?

பெரியப்பா: அது சோம்பேறிங்க வேலை. ஒவ்வொருத்தனும் ஊரோட சராசரியை மட்டும் பாத்து நடப்பான், பக்கத்துல உக்காந்திருக்கறவன் கத்தறது அவன் காதுல விழவே விழாதுன்னு வெச்சுக்கறது. விளிம்புல அது கவுந்துடும். அங்க ஊர் என்ன நினைக்குதுங்கறது பெருசில்லை. பக்கத்துல இருக்கறவன் என்ன சொல்றான், அதுதான் பெருசு.

தம்பி மகள்: இதை நீங்களே சொல்றீங்க.

பெரியப்பா: காந்தத்தைப் பத்திச் சொல்றேன். அதுலயும் சுத்தமான காந்தமா இருந்தாப் பரவாயில்லை. உங்க அப்பன் கலப்படக் காந்தத்துல இறங்கினான். குட்டிக் காந்தத்துக்கு நடுவுல காந்தமே இல்லாத அணுவைத் தூவி வெச்ச காந்தம். நம்ம குடும்பம் கலப்படத்துல கை வைக்கறதில்லைடான்னு சொன்னேன். கேட்டாத்தானே?

தம்பி மகள்: நீங்களும்தானே கை வெச்சீங்க?

பெரியப்பா: அவன் தப்பாச் செஞ்சிடக் கூடாதேன்னு வெச்சேன். ஆனா நம்ம வழியில செஞ்சேன். நாலு பரிமாணம்னு ஒண்ணு இருந்தா அங்க கணக்கு சுலபம். அங்கிருந்து படிப்படியா மூணுக்கு இறங்கி வரணும். ஒவ்வொரு படிக்கும் ஒரு திருத்தம். தாள், பேனா, முதுகுவலி. கௌரவமான வேலை.

தம்பி மகள்: இறங்க இறங்கத் திருத்தம் சின்னதாகணும். உங்களோடது ஒரு படிக்கு மேல பெருசாக ஆரம்பிச்சிடுமே.

பெரியப்பா: எந்தப் படியில நிறுத்தணும்னு தெரிஞ்சவனுக்கு ஒண்ணும் ஆகாது.

தம்பி மகள்: எந்தப் படியில நிறுத்தணும்னு யாரு சொல்றது?

பெரியப்பா: அனுபவம்.

தம்பி மகள்: அதாவது, மனசுக்குப் பட்ட படியில நிறுத்திடறீங்க. இது மட்டும் சூதாட்டம் இல்லையா?

பெரியப்பா: ...உனக்கு டீ வேணுமா?

தம்பி மகள்: வேண்டாம்.

பெரியப்பா: அப்ப வாயை மூடிக்கிட்டுக் கேளு. அந்தக் கலப்படக் காந்தத்தோட எண்ணுல, புள்ளி ஆறு எட்டு வரைக்கும் அவனுக்கும் எனக்கும் ஒரே விடை. மூணாவது தசமத்துல எனக்கு ஒண்ணு வந்துச்சு. பெரிய மண்டபம். நான் மேடையில. கரும்பலகையில "ஒண்ணு"ன்னு எழுதிட்டுத் திரும்பறேன், நடு வரிசையில ஒருத்தன் எழுந்து நிக்கறான். "ஐயா, அது ஒண்ணு இல்லை. அஞ்சு." ஐயாவாம். அண்ணான்னுகூட வாயில வரலை.

தம்பி மகள்: சபையில எப்படி அண்ணான்னு கூப்பிடுவாங்க?

பெரியப்பா: கூப்பிட்டா வாய் வெந்துடுமா? சரி, அஞ்சு எப்படிடா வந்துச்சுன்னு கேட்டேன். கம்ப்யூட்டர்ல தாயம் உருட்டினானாம். குட்டிக் காந்தத்தை ஒண்ணொண்ணாத் தொட்டு, திருப்பட்டுமா வேண்டாமான்னு தாயத்தைக் கேட்டானாம். கோடித் தடவை. நம்ம பரம்பரையில சீட்டுக்கட்டைத் தொட்டவன் கிடையாது. நம்ம வீட்டுப் பேர் போட்ட கட்டுரைக்கு இதுவரைக்கும் ஒரு திருத்தம் வந்தது கிடையாது. அந்தப் பேரை வெச்சுக்கிட்டு, அத்தனை பேர் முன்னாடி, தாயம் உருட்டினேங்கறான்.

பை: ஹ... ஹச்... ஹச்சு.

பெரியப்பா: ரொம்பச் சளி போல இருக்கே.

தம்பி மகள்: ரொம்ப.

பெரியப்பா: உங்க அப்பனுக்கும் இப்படித்தான். சின்ன வயசுல ஒளிஞ்சு விளையாடுவோம். எனக்குப் பொறுமை பத்தாது. மத்த பசங்களைக் கொஞ்ச நேரம் தேடுவேன், அகப்படலைன்னா அப்படியே விட்டுட்டு வீட்டுக்குப் போயிடுவேன். ஆனா இவனைத் தேடவே வேண்டாம். கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டுத் தும்முவான். முதல்ல ஒரு இழுப்பு, அப்புறம் ரெண்டு தும்மல். ஒளியத் தெரியாத பய.

தம்பி மகள்: ...எனக்கு அவரோட மூக்கு.

பெரியப்பா: அப்படித்தான் போல. அது கிடக்கட்டும். உனக்கு என்ன வந்துச்சு?

தம்பி மகள்: எதுல?

பெரியப்பா: நடிக்காதே. மூணாவது தசமத்துல.

தம்பி மகள்: நாளைக்கு முதல் வரிசையில உக்காந்தாத் தெரியும்.

பெரியப்பா: ஒண்ணா?

தம்பி மகள்: நாளைக்கு.

பெரியப்பா: அஞ்சா? அஞ்சுன்னா இப்பவே சொல்லிடு, நான் ஊர்ல இருக்க மாட்டேன்.

தம்பி மகள்: நாளைக்கு பெரியப்பா. சரி, உங்க முறையிலயே உங்களைக் கேக்கறேன். கூட்டம் கூட்டமாக் கட்டறது இருக்கே, அதை நீங்க ஒத்துக்கறீங்கதானே?

பெரியப்பா: அது நல்ல குடும்பத்து முறை. பக்கத்துப் பக்கத்துல இருக்கற நாலைஞ்சு குட்டிக் காந்தத்தை ஒண்ணாக் கட்டி, பெரும்பான்மை எந்தப் பக்கமோ அதை ஒரே ஆளா வெச்சுக்கறது. அப்புறம் அந்த ஆளுங்களை மறுபடி கட்டறது. கட்டிக்கிட்டே போனா சில்லறை எல்லாம் கரைஞ்சு, எது முக்கியமோ அது மட்டும் நிக்கும்.

தம்பி மகள்: எங்க வீட்ல நாங்க நாலு பேர். நான், அம்மா, அக்கா மூணு பேரும் நீங்க வரணும்கறோம். பெரும்பான்மை. அதனால எங்க வீடே உங்களைக் கூப்பிட்ட மாதிரி.

பெரியப்பா: நாலாவது ஆளு?

தம்பி மகள்: சில்லறை. கரைஞ்சு போயிடுவார்.

பை: க்ஹும்.

தம்பி மகள்: தொண்டையிலயும் இறங்கிடுச்சு.

பெரியப்பா: பாத்து, நெஞ்சுக்கு இறங்கிடப் போகுது. அந்தச் சில்லறையாலதான் எல்லாமே. சில்லறை வாயைத் திறக்கட்டும்.

தம்பி மகள்: ...பெரியப்பா, உங்க சட்டையில ரெண்டாவது பொத்தான் எங்க?

பெரியப்பா: அறுந்து விழுந்துடுச்சு.

தம்பி மகள்: மூணாவது?

பெரியப்பா: அதுவும் அது பின்னாடியே போயிடுச்சு.

தம்பி மகள்: வீட்டுக்குள்ளயே காலர் கசங்காம இருக்கற ஆளு நீங்க. பெரியம்மா இதை விட்டு வெச்சிருக்காங்களா?

பெரியப்பா: பொத்தான் வாங்கத்தான் கடைக்குப் போயிருக்கா. தையல் டப்பாவில ஒரு வெள்ளைப் பொத்தான்கூட இல்லையாம். வீட்டையே கவுத்துப் போட்டுத் தேடினா.

தம்பி மகள்: நீங்க?

பெரியப்பா: நானும் கூடவே தேடினேன்.

தம்பி மகள்: விரல் நுனியில எல்லாம் என்ன கறுப்பு மை?

பெரியப்பா: எழுதறவன் கையில மை இருக்காதா?

தம்பி மகள்: நீங்க நீல மையிலதானே எழுதுவீங்க... அந்தப் பேப்பருக்கு அடியில என்ன, மேடு பள்ளமா?

பெரியப்பா: பேப்பருக்கு அடியில பேப்பர்தான் இருக்கும். தொடாதே... எடுக்காதேன்னு சொல்றேன்ல?

தம்பி மகள்: எடுத்துட்டேன். சதுரங்கப் பலகை. கட்டத்துக்கு ஒரு சட்டைப் பொத்தான். ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் மை தடவியிருக்கு. ஓரமா... ரெண்டு தாயக்கட்டை.

பெரியப்பா: முன்னாடி குடியிருந்தவங்க விட்டுட்டுப் போனது.

தம்பி மகள்: இந்த வீடு நீங்க கட்டினது.

பெரியப்பா: ...எதிராளியோட ஆயுதம் என்னன்னு தெரிஞ்சுக்க வேண்டாமா?

தம்பி மகள்: பெரியப்பா... நீங்க சூதாடறீங்களா?

பெரியப்பா: விசாரணை. சூதாட்டம் இல்லை, விசாரணை. உங்க பெரியம்மாகிட்டச் சொன்னே, இந்த வீட்டுப் படி ஏற முடியாது.

தம்பி மகள்: சட்டைப் பொத்தானையா பிய்ப்பீங்க?

பெரியப்பா: ரெண்டு கட்டம் காலியா இருந்துச்சு. காலி விட்டாக் கலப்படமாயிடும்.

தம்பி மகள்: ஐயோ பெரியப்பா...

பெரியப்பா: சிரிச்சு முடிச்சியா? இப்பக் கேளு. நான் ஒண்ணும் கண்ணை மூடிக்கிட்டு இறங்கலை. விடை தெரிஞ்ச கணக்குல சோதிச்சுப் பாத்தேன். இப்படித் தட்டையான, சுத்தமான பலகைக்கு மட்டும் அச்சு அசலான விடை உண்டு. எந்தச் சூட்டுல காந்தம் சாகும்னு நமக்குத் தெரியும். தாயம் அந்த விடையைச் சொல்லுதா பாக்கலாம்னு உக்காந்தேன். ஒரு பொத்தானைத் தொடறேன். அக்கம்பக்கத்துப் பொத்தானைப் பாக்கறேன். திருப்பினா ஒத்துமை கூடும்னா உடனே திருப்பிடறேன். குறையும்னா தாயம் உருட்டறேன். சூட்டுக்குத் தகுந்த மாதிரி எண் விழுந்தாத் திருப்பறேன், இல்லைன்னா கையை எடுத்துடறேன். அப்புறம் அடுத்த பொத்தான்.

தம்பி மகள்: முறை சரிதான். என்ன வந்துச்சு?

பெரியப்பா: பொய் வந்துச்சு. சாக வேண்டிய சூட்டுக்கு ரொம்ப முன்னாடியே காந்தம் செத்துப்போகுது.

தம்பி மகள்: ரொம்ப முன்னாடியா? இருங்க, இந்த ஓரத்துல இருக்கற பொத்தானுக்கு...

பெரியப்பா: நீ பேசாதே.

தம்பி மகள்: இல்லை பெரியப்பா, அந்த ஓர...

பெரியப்பா: பேசாதேன்னு சொன்னேன். நான் சொல்லி முடிக்கறேன். நடுவுல இருக்கற பொத்தானுக்கு அக்கம்பக்கம் நாலு. ஓரத்துல இருக்கறதுக்கு மூணு. மூலையில இருக்கறதுக்கு ரெண்டே ரெண்டு. அதுக்கு அந்தப் பக்கம் பலகை முடிஞ்சுபோச்சு, வெறும் மேசைதான். நான் அப்படியேதான் எண்ணினேன். வாரக்கணக்கா அப்படித்தான் எண்ணினேன்.

தம்பி மகள்: எனக்குத்தான் பலகை தெரியுதே. எதுக்கு மூலை மூலையா விளக்கறீங்க? அதுவும் இவ்வளவு சத்தமா?

பெரியப்பா: காது மந்தமாயிட்டு வருது. நான் சொல்றது எனக்காவது கேக்க வேண்டாமா? ஆக, என் தீர்ப்பு: தாயம் உருட்டற முறையே பொய். இதைக் கட்டுரையா எழுதிட்டேன். நாளைக்குக் காலையில அனுப்பறேன்.

தம்பி மகள்: எழுதிட்டீங்களா? பெரியப்பா, அனுப்பாதீங்க. சிரிப்பாங்க.

பெரியப்பா: யார் சிரிப்பாங்க? நம்ம வீட்டுப் பேரைப் பாத்துச் சிரிச்சவன் இருக்கானா? ஓரத்துப் பொத்தானுக்கு மூணே அக்கம்பக்கம், மூலைக்கு ரெண்டுன்னு தெளிவா எழுதி, கீழ நம்ம வீட்டுப் பேரைப் பெருசாப் போட்டு...

தம்பி மகள்: ஒரு நிமிஷம் நான் சொல்றதைக் கேளுங்க...

பெரியப்பா: ஓரம்னா ஓரம்தான். மூணுன்னா மூணுதான். அச்சுல வரட்டும், உலகம் பாக்கட்டும்.

பை: ஓரத்தை மடிக்கணும்ணா!

தம்பி மகள்: ...சளி.

பெரியப்பா: உன் சளி என்னை அண்ணாங்குது.

பை: இடது ஓரத்துப் பொத்தானுக்கு வலது ஓரத்துப் பொத்தான்தான் அக்கம்பக்கம். மேல் ஓரத்துக்குக் கீழ் ஓரம். அப்படி மடிச்சாத்தான் எல்லாருக்கும் நாலு பேர் கிடைப்பாங்க. அவ்வளவு சின்னப் பலகையில கிட்டத்தட்டப் பாதி ஓரம்தான். அத்தனையையும் அநாதையா விட்டா, காந்தம் சாகாம என்ன பண்ணும்?

பெரியப்பா: மடிச்சா?

பை: மடிச்சாக் கொஞ்சம் தள்ளிச் சாகும். சரியான இடத்தையும் தாண்டித் தள்ளிக்கூடச் சாகும். பலகையைப் பெருசாக்கிக்கிட்டே போனா சரியான இடத்துக்கு வந்துடும். அதை அப்படியே அனுப்பிடாதேண்ணா. உன்னைப் பாத்து எவனாவது சிரிச்சான்னா எனக்குத் தாங்காது. நம்ம வீட்டுப் பேருண்ணா.

தம்பி மகள்: பெரியப்பா, கோவிச்சுக்காதீங்க. பைக்குள்ள போன். அப்பா லைன்ல இருக்கார். நீங்க வர்றேன்னு சொன்னா அவர் காதாலயே கேக்கட்டும்னு நான்தான்... மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லித்தான் வெச்சேன்.

பெரியப்பா: தெரியும்.

தம்பி மகள்: எது தெரியும்?

பெரியப்பா: பைக்குள்ள அவன் இருக்கான்னு.

தம்பி மகள்: எப்ப இருந்து?

பெரியப்பா: முதல் தும்மல்ல இருந்து. இழுப்பு ஒண்ணு, தும்மல் ரெண்டு. என் தம்பியோட தும்மல் எனக்குத் தெரியாதா?

தம்பி மகள்: அப்ப பையை மேசை மேல வைக்கச் சொன்னது...

பெரியப்பா: உன் மடியில இருந்தா அவனுக்குச் சரியாக் கேக்காது.

தம்பி மகள்: காது மந்தம்னது?

பெரியப்பா: என் காதுக்கு என்ன? பைக்குள்ள கேக்கணும்ல.

தம்பி மகள்: ஆனா ஓரத்தை மடிக்காம விட்டது...

பெரியப்பா: அந்தப் பலகையை லேசாத் தூக்கி அடியில பாரு. பொத்தான் சரியாம.

தம்பி மகள்: ...நூல். இடது ஓரத்துல இருந்து அடி வழியா வலது ஓரத்துக்கு. கட்டத்துக்குக் கட்டம் நூல் கட்டியிருக்கு. மேல இருந்து கீழேயும்... பெரியப்பா!

பெரியப்பா: நாலு பரிமாணத்துல நடமாடினவன் நான். ஒரு பலகையோட ஓரத்தை மடிக்க எனக்குத் தெரியாதா? உக்காந்த அன்னைக்கே மடிச்சாச்சு. விடையும் அவன் சொன்ன மாதிரி கொஞ்சம் தள்ளித்தான் வந்துச்சு. உன்னை ஏன் பேச விடலை? நீ சொல்லிட்டா அவன் சொல்ல மாட்டான். உங்க அப்பன் பசியைத் தாங்குவான், அவமானத்தைத் தாங்குவான். கண்ணு முன்னாடி ஒரு தப்பு நடந்தா மட்டும் தாங்க மாட்டான். ம்... யாரு முதல்ல பேசினது?

தம்பி மகள்: அப்பாதான்.

பெரியப்பா: நீ சாட்சி. பையில இருந்து அவனை வெளிய எடு. மூச்சு முட்டப் போகுது.

தம்பி: அண்ணா.

பெரியப்பா: சொல்லு.

தம்பி: கட்டுரை எழுதினேன்னது?

பெரியப்பா: ஒரு வரி எழுதலை.

தம்பி: அப்பாடா... அந்தச் சூதாடின்னு சொன்னியே...

பெரியப்பா: வாபஸ் வாங்க மாட்டேன்.

தம்பி: நான் அதைக் கேக்கலை. எத்தனை தடவை உருட்டினே?

பெரியப்பா: எண்ணலை.

தம்பி: நல்லா இருந்துச்சா?

பெரியப்பா: ...ம். உங்க அண்ணி சாப்பிடக் கூப்பிட்டது ஒண்ணும் காதுல விழலை.

தம்பி: விழாதுண்ணா. ஒரு பக்கம் எல்லாம் வெள்ளையா இருக்கும், திடீர்னு ஒரு மூலையில இருந்து கறுப்பு கிளம்பி...

பெரியப்பா: பலகை பூரா பரவும். ஆமாண்டா. நானும் பாத்தேன். நம்ம கணக்குல வர்ற ஏற்ற இறக்கம்தான், ஆனா கண்ணால பாக்கறப்ப...

தம்பி மகள்: ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்தறீங்களா? நாளைக்குத் தேர்வு எனக்கு.

பெரியப்பா: ஆமா, மறந்துட்டேன். இப்பச் சொல்லு. மூணாவது தசமம்.

தம்பி: அதைத்தான் நானும் கேக்கறேன். வீட்ல கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டேங்கறாண்ணா.

தம்பி மகள்: மூணு.

பெரியப்பா: மூணா?

தம்பி: மூணா?

தம்பி மகள்: மூணு. பிழை ரெண்டு. அந்தப் பக்கம் ரெண்டு, இந்தப் பக்கம் ரெண்டு.

பெரியப்பா: அப்ப என் ஒண்ணு...

தம்பி: என் அஞ்சு...

தம்பி மகள்: ரெண்டும் என் பிழைக்குள்ளதான் உக்காந்திருக்கு. நீங்க இந்த ஓரத்துல, அப்பா அந்த ஓரத்துல. யாரும் ஜெயிக்கலை, யாரும் தோக்கலை. இதுக்குத்தான் இத்தனை வருஷம் உப்பை நகர்த்த ஆள் வெச்சீங்க.

பெரியப்பா: ...டேய்.

தம்பி: சொல்லுண்ணா.

பெரியப்பா: பிழை ரெண்டு கொஞ்சம் ஜாஸ்தி இல்லை?

தம்பி: நானும் அதையேதான் நினைச்சேன். இன்னும் பெரிய பலகை எடுத்திருக்கலாம்.

பெரியப்பா: நம்ம வீட்டுப் பேரை வெச்சுக்கிட்டு இவ்வளவு பிழையோட சபையில போய் நிக்கறதா? நாளைக்கு முதல் கேள்வி நான் கேப்பேன்.

தம்பி: ரெண்டாவது கேள்வி நான்.

தம்பி மகள்: கடவுளே... நான் பாட்டுக்குத் தனியாவே போயிருக்கலாம்.

பெரியப்பா: இனிமே அது முடியாது. முதல் வரிசையில ரெண்டு நாற்காலி போடச் சொல்லு. பக்கத்துப் பக்கத்துல. நடுவுல யாரும் வேண்டாம்.

தம்பி மகள்: சரி பெரியப்பா.

பெரியப்பா: ஆனா டேய், ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ. இதுல தோத்தது நீ. அன்னைக்கும் ஒளியத் தெரியாது, இன்னைக்கும் தெரியலை. அந்தத் தும்மலை மட்டும் அடக்கியிருந்தேன்னு வெச்சுக்கோ, நான் இந்தத் தாயக்கட்டையை ரெண்டு வார்த்தையில வழியனுப்பிட்டுக் கதவைச் சாத்தியிருப்பேன்.

தம்பி: தெரியும்ணா. எனக்குச் சளியும் இல்லை, தூசியும் இல்லை. அன்னைக்குக் கதவுக்குப் பின்னாடியும் இருந்ததில்லை... நான் தும்மலைன்னா நீதான் தேடறதை விட்டுட்டு வீட்டுக்குப் போயிடுவியே.